முதலில் 1434ஐ மூடுங்கள், பிறகு ரீஸ்டார்ட்

மைக்ரோசாஃப்டின் பழைய தரவுத்தள மென்பொருளான எஸ்.க்யூ.எல். சர்வர் 2000 இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், ஸ்லாமர் என்ற கணினிப் புழு நுழையும் வழியான யூ.டி.பி. 1434 போர்ட்டை (நெட்வொர்க் வாசலை) ஃபயர்வாலில் உள்ளே வரவும் வெளியே போகவும் மூடிவிட்டு, அதன் பிறகே சர்வரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். வரிசை மாறக்கூடாது.

2003 ஜனவரி 25 அன்று உலகெங்கும் இணையத்தைத் திணறடித்த ஸ்லாமர் புழு ஹார்ட் டிஸ்கில் எதையும் எழுதுவதில்லை. நினைவகத்தில் மட்டுமே தங்கும். ரீஸ்டார்ட் செய்தால் அழிந்துவிடும், ஆனால் போர்ட் திறந்திருந்தால் மறுபடியும் வந்து ஒட்டிக்கொள்ளும். மொத்தமே 376 பைட், ஒரே பாக்கெட். பதிலுக்குக் காத்திராமல் கண்ட முகவரிக்கெல்லாம் தன்னை அனுப்பிக்கொண்டே இருப்பதால்தான் இணைப்பு அடைத்துக்கொள்கிறது. இத்தனைக்கும் மைக்ரோசாஃப்ட் இந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை 2002 ஜூலையிலேயே கொடுத்துவிட்டது. ஆறு மாதம் போதவில்லையாம்!

வெளியூர்க் கிளைகள் சர்வரின் இன்ஸ்டன்ஸ் பெயரைச் (ஒரே கணினியில் ஓடும் தரவுத்தளங்களில் ஒன்றுக்கு வைத்த பெயரைச்) சொல்லி இணைகின்றன என்றால் இந்த வழி சரிப்படாது, அந்தப் பெயரைத் தேடுவதும் 1434 வழியாகத்தான் என்பதால் இணைப்பு அறுந்துவிடும். நிலையான போர்ட் எண்ணைக் கொடுத்து இணைக்க வேண்டும். யாரோ கொண்டுவந்த லேப்டாப் வழியாகப் புழு உள்ளே நுழைந்துவிட்டாலும் வாசலில் உள்ள ஃபயர்வால் உதவாது. எஸ்.க்யூ.எல். சர்வரின் சிறு பதிப்பான எம்.எஸ்.டி.இ.யைச் சேர்த்து விற்கப்பட்ட பழைய மென்பொருள்களிலும் இதே ஓட்டை உண்டு, அவற்றுக்கும் சேர்த்து பேட்ச் போடுங்கள்.