பழைய ‘தினபதி’ கிடைத்தால் என்ன செய்யலாம்?

வன்னியில் பழைய பத்திரிகை தேடுவதென்றால் அலுமாரியை விடுங்கள், றங்குப்பெட்டியின் அடியைப் பாருங்கள். உடுப்புக்குக் கீழே விரித்த தாள்தான் ஒவ்வொரு இடப்பெயர்விலும் பெட்டியோடு போய் வந்தது. மாங்குளத்தில் மாமியின் பெட்டியில் எனக்கு அப்படித்தான் ‘தினபதி’ கிடைத்தது.

தாளை இழுக்காதீர்கள். அடியில் மட்டையைச் செருகி அப்படியே தூக்குங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் வேண்டவே வேண்டாம்; பசை காய்ந்து மண்ணிறக் கறையாகி எழுத்தைத் தின்றுவிடும். லமினேற் செய்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

அப்புறம் திகதியைப் பாருங்கள். எஸ். டி. சிவநாயகத்தை ஆசிரியராகக் கொண்டு 1966இல் கொழும்பில் தொடங்கிய நாளிதழ் இது. 1974இல் அரசாங்கம் அவசரகாலச் சட்டத்தின் கீழ் இதை வெளியிட்ட நிறுவனத்துக்குச் சீல் வைத்தது. 1977இல்தான் மறுபடி திறந்தார்கள். ஆகவே 1975, 1976 என்று வாசித்தால் இலக்கத்தை இன்னொருமுறை பாருங்கள். அச்சிட்டவர் விலாசம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விறாந்தை நிழலில், பிளாஷ் இல்லாமல் படமெடுங்கள். விளம்பரங்களையும் சேர்த்துத்தான். சரி, படங்களை, ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் ஆவணப்படுத்தும் நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பலாம். தாளை மடிக்காமல் மட்டைப் பெட்டியில் வையுங்கள்.