தண்ணீரைப் பார்த்து மீன் வாங்குங்கள்: வீட்டுத் தொட்டிக்கு ஒத்துப்போகும் மீன்களும் எளிய செடிகளும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் மீன்தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். கோயம்புத்தூருக்குப் போகும்போது கடையில் கண்ணுக்கு அழகாகத் தெரியும் மீன்களை வகைக்கு இரண்டாக வாங்கி, வீட்டுக்கு வந்ததும் தொட்டியில் போர்வெல் தண்ணீரை நிரப்பி, அன்று மாலையே விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதலில் வாங்கியது எட்டு நியான் டெட்ரா. எங்கள் வீட்டில் உப்புத் தண்ணீர்தான் என்று சொல்லிக் கேட்டதற்கு, "ஒரு குழப்பமும் இல்லைங்கண்ணா, ஒரு கை கல்லுப்புப் போட்டு விடுங்க" என்றார் கடைக்காரர். மூன்றாம் நாள் காலையில் அவற்றின் நீலக்கோடு வெளிறி, செவுள்கள் மேலும் கீழும் வேகமாக அடித்துக்கொண்டிருக்க, எல்லாம் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றன. அந்த வாரம் முடிவதற்குள் எட்டும் இறந்துவிட்டன.

அதற்குக் காரணங்கள் இரண்டு என்பது பின்னால்தான் புரிந்தது. தண்ணீர் அந்த மீனுக்குப் பொருந்தவில்லை. தொட்டியும் இன்னும் பழகியிருக்கவில்லை, அதாவது மீன் கழிவின் நச்சை மாற்றும் நுண்ணுயிர்கள் அதில் வளர்ந்திருக்கவில்லை. இந்த வழிகாட்டியில் நான் வலியுறுத்த விரும்புவது முதல் காரணத்தைத்தான். எந்த மீனுக்கு எந்த மீன் துணை என்று கேட்பதற்கு முன்பாக, உங்கள் வீட்டுத் தண்ணீருக்கு எந்த மீன் துணை என்று கேட்க வேண்டும்.

தண்ணீரில் கரைந்துள்ள சுண்ணச் சத்தின் அளவைக் காட்டும், சொட்டு மருந்து போல வரும் கடினத்தன்மைச் சோதனைக் குப்பி கடைகளில் கிடைக்கிறது. 5 மில்லி தண்ணீரை அதனுடன் வரும் கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறும் வரை எத்தனை சொட்டு ஆயிற்றோ அத்தனை டிகிரி கடினம். ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு ஏறக்குறைய 17.8 மில்லிகிராம் சுண்ணச் சத்துக்குச் சமம். எங்கள் வீட்டுப் போர்வெல் தண்ணீருக்குப் பதினேழாவது சொட்டில்தான் நிறம் மாறியது. ஒற்றப்பாலத்தில் என் மைத்துனி வீட்டில், வெட்டுகல் (செம்புரைக்கல்) பூமியில் தோண்டிய கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து சோதித்தபோது மூன்றாவது சொட்டிலேயே பச்சையாகிவிட்டது. ஒரே மாவட்டத்துக்குள் இவ்வளவு வித்தியாசம். சோதனைக் குப்பி கையில் இல்லாதவர்கள் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியைப் பார்த்தாலே போதும்: வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து, சோப்பும் சரியாக நுரைக்கவில்லை என்றால் அது கடினத் தண்ணீர்; எங்கள் ஊரில் உப்புத் தண்ணீர் என்பது இதைத்தான்.

கடினத் தண்ணீர் என்றால் வருத்தப்பட வேண்டியதில்லை. கப்பி, பிளாட்டி, மோலி, வாள்வால் ஆகிய குட்டி போடும் மீன்கள் எல்லாம் மத்திய அமெரிக்காவையும் அதை ஒட்டிய பகுதிகளையும் சேர்ந்தவை. 10 முதல் 25 டிகிரி வரை கடினமும், 7-க்கு மேல் 8 வரை பி.எச். (அமில, காரத் தன்மை) அளவும் இவற்றுக்கு இதமானவை. மென்மையான கிணற்றுத் தண்ணீர் உள்ளவர்கள் ஹார்லிகுயின் ரஸ்போரா, செர்ரி பார்ப், தேன் கௌராமி, முத்து கௌராமி போன்றவற்றை நம்பி வாங்கலாம். உப்புத் தண்ணீரில் டெட்ரா வைத்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு எக்ஸ்ரே டெட்ரா என்று விற்கப்படும் கண்ணாடி போன்ற மீன் பொருந்தும். டெட்ரா இனங்களுக்குள் கடினத்தை நன்றாகத் தாங்குவது அது. தண்ணீரை மருந்து ஊற்றி மாற்ற முயல்வதைவிடத் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மழைக்காலத்தில் மொட்டை மாடித் தண்ணீரைப் பிடித்துப் பாதிக்குப் பாதி கலந்து கடினத்தைக் குறைக்கலாம். ஆனால் முதல் இரண்டு மழையை விட்டுவிட வேண்டும், வெறும் மழைத் தண்ணீரை மட்டும் தனியாகப் பயன்படுத்தவும் கூடாது. வயலோரக் கால்வாய்த் தண்ணீர் மென்மையானதுதான் என்றாலும், நெல்லுக்கு அடித்த பூச்சிமருந்து அதில் கலந்திருக்கக் கூடும் என்பதால் நான் தொடுவதில்லை.

இந்தப் பக்கத்துக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. கேரளத்தில் கிணறுகளுக்கு ப்ளீச்சிங் பவுடர் போடும் வழக்கம் இருக்கிறது. போட்ட அன்றோ மறுநாளோ அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால் மீனின் செவுள்கள் வெந்துவிடும். குழாய்த் தண்ணீரிலும் குளோரின் உண்டு. வாளியில் பிடித்து ஒரு நாள் முழுவதும் காற்றுக் குழாயை ஓடவிட்டு வைக்கலாம், அல்லது ஆன்டி குளோரின் என்று விற்கப்படும் சோடியம் தயோசல்பேட்டைக் குப்பியில் சொன்ன அளவு சேர்க்கலாம்.

இனி, மீனுக்கு மீன் ஒத்துப்போவதைப் பார்ப்போம். நான் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வேன்: வளர்ந்தபின் இதன் வாய்க்குள் மற்ற மீன் போகுமா, இதன் சுபாவம் என்ன, தொட்டியில் எந்த மட்டத்தில் வாழும்? கடையில் ரூபாய் நாணயம் அளவில் இருக்கும் ஏஞ்சல் ஆறு மாதத்தில் உள்ளங்கை அளவாகி, கூடவே வளர்ந்த நியான்களை ஒவ்வொன்றாக விழுங்கிவிடும். அதற்குக் கோபம் எதுவும் இல்லை. வாய்க்குள் போவது அதற்கு இரைதான். டைகர் பார்ப் சுறுசுறுப்பான அழகிய மீன்; ஆனால் கப்பி, ஏஞ்சல், கௌராமி, ஃபைட்டர் போன்று நீண்டு தொங்கும் துடுப்புள்ள மீன்களின் வாலைக் கடித்துக் கடித்தே நோயாளி ஆக்கிவிடும். எட்டுப் பத்தாகச் சேர்த்து வைத்தால் அவை தங்களுக்குள்ளேயே துரத்திக்கொள்வதால் ஓரளவு அடங்கும் என்றாலும், கப்பியோடு அதைச் சேர்க்க வேண்டாம். ஆண் ஃபைட்டரைத் தனியாக வைப்பதே நல்லது; ஆண் கப்பியின் விசிறி வாலை அது இன்னொரு ஃபைட்டர் என்று எண்ணித் தாக்குவதுண்டு.

கடையில் "ஷார்க்" என்ற பெயரில் விற்கப்படும் வெள்ளிநிறக் குட்டி உண்மையில் ஒரு மீட்டருக்கு மேல் வளரும் கெளுத்தி வகை. கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் என்று கொடுக்கப்படும் சக்கர் ஒன்றரை அடி வரை வளர்ந்து, தூங்கும் மீன்களின் மேல்தோலில் உள்ள வழுவழுப்பைச் சுரண்டத் தொடங்கும். தங்கமீன் குளிர்ந்த நீரை விரும்புவது, கழிவும் அதிகம். இம்மூன்றும் கூட்டுத் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம்.

கூட்டமாக வாழும் மீன்களை வகைக்கு இரண்டாக வாங்குவதுதான் மிகப் பரவலான தவறு. டெட்ரா, ரஸ்போரா, பார்ப் ஆகியவை ஆறுக்குக் குறைந்தால் மிரண்டு மூலையில் ஒதுங்கும், அல்லது மற்றவற்றைக் கடிக்கும். ஐந்து வகையில் இரண்டிரண்டு வாங்கும் பணத்தில் ஒரே வகையில் பத்து வாங்கினால், அவை சேர்ந்து திரும்பும் அழகைத் தினமும் பார்க்கலாம். குட்டி போடும் மீன்களில் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆண் துரத்தித் துரத்தியே பெண்ணைக் களைக்க வைத்துவிடும். குட்டிகளை என்ன செய்வது என்று தெரியாதவர்கள் ஆண் கப்பிகளை மட்டும் வாங்கலாம்.

அடிமட்டத்துக்கு நான் சிபாரிசு செய்வது நம் அயிரை மீனை. குழம்பில் மட்டுமே அதை அறிந்தவர்கள் தொட்டியில் ஒருமுறை பார்க்க வேண்டும். ஐந்தாறு சென்டிமீட்டர் நீளம்; பழுப்பு உடம்பில் கரும்புள்ளிகள்; வாயைச் சுற்றி மீசை. நுண்மணலை வாயால் அள்ளிச் சலித்து, மிச்சத்தைச் செவுள் வழியாகப் பூப்போல உதிர்க்கும். பயந்தால் ஒரு நொடியில் மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்துப் பார்க்கும். யாரையும் தொந்தரவு செய்யாது. கூர்மையான சரளைக்கல் மட்டும் ஆகாது, மீசை தேய்ந்துவிடும்.

மேல்மட்டத்துக்கு, மலையாளத்தில் மானத்துகண்ணி என்று அழைக்கப்படும் மீன் உண்டு. தலை உச்சியில் வெள்ளிப் புள்ளி மின்ன, வானத்தைப் பார்த்தபடியே நீந்துவதால் அந்தப் பெயர். கொசுப்புழுவை ஒன்றுவிடாமல் தின்னும். ஆனால் 10 சென்டிமீட்டர் வரை வளர்வதால் கப்பிக் குட்டிகளையும் தின்னும், தொட்டியை மூடாவிட்டால் குதித்துவிடும்.

உள்ளூர் மீன் என்றதும் பலர் கேட்பது செங்கணியான் என்னும் மிஸ் கேரளாவை. முண்டக்கயம் பகுதியில் கிடைத்த இந்த மீனை 1865-இல் பிரான்சிஸ் டே விவரித்து, அன்றைய சென்னை மாகாண ஆளுநர் வில்லியம் டெனிசனின் பெயரை வைத்தார். ஏற்றுமதிக்காக ஆறுகளிலிருந்து அள்ளப்பட்டதில் இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. 2008-இலேயே கேரள அரசு அதைப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. மலையோடையின் குளிர்ந்த, ஓடும் நீரில் வாழ்வது எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலைத் தாங்காது. அது ஆற்றிலேயே இருக்கட்டும்.

வெயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பங்குனி, சித்திரையில் எங்கள் வீட்டுத் தொட்டித் தண்ணீர் 32 டிகிரி வரை சூடாகிறது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். அதைவிட முக்கியமானது அம்மோனியா. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, பி.எச். அளவு ஒன்று கூடும்போது ஏறக்குறைய பத்து மடங்கு நச்சாகிறது. சூடும் அதைக் கூட்டுகிறது. அதாவது மென்மையான தண்ணீரில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அளவு அழுக்கு, பி.எச். கூடுதலான எங்கள் உப்புத் தண்ணீரில் கோடையில் அதைக் கொன்றுவிடும். என் முதல் எட்டு மீன்களுக்கு நேர்ந்தது இதுதான். ஆகவே மீன் வாங்குவதற்கு முன்பே வடிகட்டியை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனியைப் போட்டு, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வளர நான்கு முதல் ஆறு வாரம் காத்திருங்கள். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழி என்று காட்டிய பிறகுதான் முதல் மீன். நண்பரின் ஆரோக்கியமான தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் இந்தக் காலம் நன்றாகக் குறையும்.

செடிகளிலும் தண்ணீரே தீர்மானிக்கிறது. நாடா போல நீளும் வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வார்ட் ஆகிய மூன்றும் கடினத் தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டையே உணவாக எடுத்துக்கொள்ளக் கூடியவை. எங்கள் ஊருக்கு இவற்றைவிட எளிதான செடி கிடையாது. கரியமில வாயுக் குப்பியோ விலை உயர்ந்த விளக்கோ தேவையில்லை. ஜாவா ஃபெர்னும் அனுபியாஸும் எந்தத் தண்ணீருக்கும் ஒத்துவரும், ஆனால் அவற்றின் கிடைத்தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிட வேண்டும். கிரிப்டோகோரைன் நட்ட இரண்டாம் வாரத்தில் இலையெல்லாம் கரைந்து உதிர்ந்தால் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். வேர் உயிரோடுதான் இருக்கும், புது இலை வரும். வயலோரத்தில் தானாகப் படரும் நீர்ப்பிரம்மியும் தண்ணீருக்குள் மெதுவாக வளரும். வயலிலிருந்து எடுக்கும் எந்தச் செடியையும் தனி வாளியில் இரண்டு வாரம், தண்ணீரை மாற்றி மாற்றி வைத்த பிறகே தொட்டியில் நடுங்கள். விளக்கு ஒரு நாளுக்கு ஏழு மணி நேரம் போதும். ஜன்னல் வெயில் பட்டால் பச்சைப் பாசிதான் வளரும். கடைக்காரர் சொல்லும் கல்லுப்பு செடிகளுக்கு ஆகாது.

இரண்டடித் தொட்டி, அதாவது இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று அடி, 56 லிட்டர் கொள்ளும். மணலும் கல்லும் போக 48 லிட்டர் என்று வையுங்கள். உப்புத் தண்ணீர் வீட்டில் அதில் ஆறு ஆண் கப்பியும் ஐந்து அயிரையும், பின்புறம் முழுவதும் வாலிஸ்னேரியாவும் வைத்தால் நிறைவு. ஏழாவது கப்பிக்கு ஆசைப்பட வேண்டாம். மென்மையான தண்ணீர் வீட்டில் மூன்றடித் தொட்டி இருந்தால் பத்து ஹார்லிகுயின் ரஸ்போரா, ஒரு ஜோடி முத்து கௌராமி, ஆறு அயிரை. எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாமல், அயிரையை முதலிலும் கௌராமியைக் கடைசியிலும், இடையில் இரண்டு வாரம் விட்டு விடுங்கள். கடையில் துடுப்பை மடக்கி நிற்பவை, மேலே வெண்புள்ளி உள்ளவை இருக்கும் தொட்டியிலிருந்து நல்ல மீனைக்கூட வாங்கக் கூடாது. தீனி போடச் சொல்லி, ஓடி வந்து தின்பதைப் பாருங்கள். வீட்டில் பையைக் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை அதில் சேர்த்து, பிறகு வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள்.

வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொட்டியை வற்ற வைக்கும்போது, மாற்றாமல் மேலே உப்புத் தண்ணீரை நிரப்பிக்கொண்டே போனால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான்.

வேண்டாத மீனையும் செடியையும் சித்தூர்ப் புழையிலோ குளத்திலோ விடுவது பெரும் தீங்கு. சக்கர் மீன் கேரளத்து நீர்நிலைகளில் பெருகிவிட்டது இப்படித்தான். 2020-இல் கோழிக்கோடு ஆவளப்பாண்டியில் ஊரே கூடிப் பார்த்த இளஞ்சிவப்புப் பூக்கூட்டம், மீன்தொட்டிச் செடியான கபோம்பா என்னும் முள்ளன் பாயல். அதன் ஒரு துண்டு போதும், ஓர் ஓடை முழுவதையும் மூடிவிடும். மீன் மிஞ்சினால் நான் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். வெட்டிய செடிகளை மொட்டை மாடி வெயிலில் சருகாகும் வரை காயவைத்துத் தென்னைக்கு அடியில் போடுகிறேன்.