யெல்லோஸ்டோனில் தப்பாகிப்போகும் தூரக் கணக்கு

கீசர் என்றதும் நமக்குக் குளியலறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஹீட்டர்தான் நினைவுக்கு வரும். நிஜக் கீசர், பூமிக்கடியிலிருந்து தானாகப் பீச்சியடிக்கும் கொதிநீர் ஊற்று. உலகத்தில் இருப்பவற்றில் ஏறக்குறையப் பாதி, சுமார் 500 கீசர்கள், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் இருக்கின்றன. நான் இரண்டு தடவை போய்வந்திருக்கிறேன். முதல் தடவை, ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவோடு, இரண்டே நாளில். அப்போது செய்த தப்புகளை இப்போது எண்ணிப் பார்த்தால், பாதிக்கு மேல் "பக்கத்தில்தானே" என்ற பேச்சிலிருந்து கிளம்பியவை.

முதலில் சாலை. பூங்காவின் பரப்பு சுமார் 8,980 சதுர கிலோமீட்டர். நடுவில் எட்டு வடிவத்தில் ஓடும் கிராண்ட் லூப் சாலை மட்டுமே 228 கிலோமீட்டர். வேக வரம்பு மணிக்கு 72 கிலோமீட்டர்; கோடைக் கூட்டத்தில் அதைக்கூடத் தொட முடியாது. வரைபடத்தில் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் கீசரும், ஓநாய்களுக்குப் பேர்போன லமார் பள்ளத்தாக்கும் ஒரு சாண் தூரத்தில் இருக்கும். நிஜத்தில் நூறு கிலோமீட்டருக்கு மேல், மலைப்பாதை. எட்டின் கீழ் வட்டத்துக்கு ஒரு நாள், மேல் வட்டத்துக்கு ஒரு நாள், அப்புறம் பிடித்த இடத்துக்குத் திரும்பப் போய் சும்மா உட்கார ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு நாள் இல்லையென்றால் ஒரு வட்டத்தோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

தங்குமிடத்திலும் இதே கதை. கிழக்கே இருக்கும் கோடி என்ற ஊர், பெயருக்கேற்ற மாதிரி ஒரு கோடியில்தான் இருக்கிறது. அங்கே அறை எடுத்தால் பூங்கா வாசலுக்கே 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். கீசர்கள்தான் முக்கியம் என்றால் மேற்கு வாசலை ஒட்டிய வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊர் வசதி. ஓநாய், கரடி பார்க்க வடக்கே கார்டினர். பூங்காவுக்குள்ளேயே இருக்கும் விடுதிகள் இன்னும் நல்லது, ஆனால் மாதக்கணக்கில் முன்பதிவு செய்ய வேண்டும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் காரிலேயே சுற்றலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். நவம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை, கார்டினரிலிருந்து வடகிழக்கு வாசல் வழியாகக் குக் சிட்டி போகும் சாலை ஒன்றுதான் கார்களுக்குத் திறந்திருக்கும்.

ஓல்ட் ஃபெய்த்ஃபுல் மணிக்கொரு தடவை கடிகாரம் மாதிரி பீச்சும் என்று பலரும் நம்புகிறார்கள். இப்போதைய சராசரி இடைவெளி ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி இருக்கிறது. அடுத்தது எப்போது என்று பூங்காக்காரர்கள் கணித்துச் சொல்வார்கள், பத்து நிமிடம் முன்பின் ஆகலாம். அடியில் நடப்பது குக்கர் சங்கதிதான்: மேலே நிற்கும் நீரின் அழுத்தத்தால், கொதிநிலையைத் தாண்டிச் சூடான நீரும் ஆவியாகாமல் அடங்கியிருக்கும், கொஞ்சம் நீர் மேலே வழிந்து அழுத்தம் குறைந்ததும் ஒரு பகுதி சட்டென்று ஆவியாகி, மிச்ச நீரையும் மேலே தள்ளி எகிறும். அது முடிந்த மறு நிமிடமே கூட்டம் முழுக்கக் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடுகிறது. நாங்களும் ஓடினோம். வெளியே வரவே அரை மணி நேரம் ஆனது. ஓல்ட் ஃபெய்த்ஃபுல் இருக்கும் மேல் கீசர் படுகை என்ற பகுதியில், இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் சுமார் 150 கீசர்கள் இருக்கின்றன என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. அவற்றில் கிராண்ட், ரிவர்சைட், கேசில் ஆகிய கீசர்களுக்கும் நேரம் கணித்துப் போடுகிறார்கள். இரண்டாம் தடவை ரிவர்சைடுக்காகக் காத்திருந்தேன்; ஆற்றின் மேல் வளைந்து விழும் அந்தத் தண்ணீர்தான், என்னைக் கேட்டால், ஓல்ட் ஃபெய்த்ஃபுல்லைவிட அழகு. நாரிஸ் என்ற இன்னொரு கீசர் படுகையில் இருக்கும் ஸ்டீம்போட் கீசர், உலகிலேயே உயரமாக, 90 மீட்டருக்கு மேல்கூடப் பீச்சக்கூடியது. ஆனால் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

கூட்டத்துக்குப் பயந்து கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றுக்கு விடிகாலையில் போவது இன்னொரு தவறு. குளிரில் ஆவி மண்டி, வெள்ளைப் புகை மட்டும்தான் தெரியும். அந்த ஊற்று நூறு மீட்டருக்கு மேல் அகலம். கரையிலிருந்து பார்த்தால் படங்களில் வரும் முழு வட்டம் கண்ணுக்கு அகப்படாது. வெயில் ஏறிய பிறகு, ஃபெய்ரி அருவிப் பாதையில் ஏறி மேட்டிலிருந்து பாருங்கள். ஓரத்து ஆரஞ்சும் மஞ்சளும் வெந்நீரில் வாழும் நுண்ணுயிர்களின் நிறம். விடிகாலையை லமாருக்கும் ஹேடன் பள்ளத்தாக்குக்கும் வைத்துக்கொள்ளலாம். விலங்குகள் நடமாடும் நேரம் அதுதான்.

சரி, உயிரோடு விளையாடும் விஷயத்துக்கு வருவோம். நாரிஸில் காற்று என் அம்மாவின் தொப்பியைத் தூக்கிப்போய், மரப்பலகைப் பாதையிலிருந்து நாலடி தள்ளிப் போட்டது. வெள்ளை வெளேரென்று, சுண்ணாம்பு அடித்த திண்ணை மாதிரித் தரை. அந்த இடத்தில் கைப்பிடியும் இல்லை. "பக்கத்துலதானே, ஒரு கால வச்சி எடுத்துடறேன்" என்று அப்பா குனிந்துவிட்டார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். அந்தத் தரை பல இடங்களில் மெல்லிய ஓடு. அடியில் கொதிநீர், அமிலம் கலந்ததாகவும் இருக்கும். 2016இல் இதே நாரிஸில் பாதையை விட்டு இறங்கிப்போன ஓர் இளைஞர் ஊற்றில் விழுந்து இறந்தார். 1981இல் ஊற்றில் குதித்த நாயைக் காப்பாற்றப் பாய்ந்தவரும் பிழைக்கவில்லை. தொப்பி போனால் போகட்டும், ரேஞ்சரிடம் சொன்னால் போதும். குழந்தையின் கையைப் பிடித்தே நடத்துங்கள். ஊற்றில் காசு போடும் ஆசையும் வேண்டாம்: மார்னிங் குளோரி குளத்தில் காசும் குப்பையும் எறிந்தே வாயை அடைத்து, சூடு குறைந்து, நீலமாக இருந்த குளத்தின் ஓரம் மஞ்சளாகிவிட்டது.

விலங்குகளில் எல்லோரும் கரடிக்குத்தான் பயப்படுகிறார்கள். இங்கே மனிதர்களை அதிகம் காயப்படுத்தியிருப்பது பைசன் என்ற அமெரிக்கக் காட்டெருமை. வீட்டு எருமை மாதிரி அசைபோட்டுக்கொண்டு நிற்கும். கிடா ஒன்று 900 கிலோ வரை இருக்கும், மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். பைசன், எல்க் மான்களிடமிருந்து 23 மீட்டர், அதாவது இரண்டு பஸ் நீளம்; கரடி, ஓநாயிடமிருந்து 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. பைசன் வாலைத் தூக்கினால் பின்வாங்குங்கள். பாவம் பார்ப்பதும் ஆபத்துதான்: 2016இல், குளிரில் நடுங்குகிறதே என்று ஒரு பைசன் கன்றைச் சுற்றுலாப் பயணிகள் காரில் ஏற்றிவிட்டார்கள். மந்தை அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை, கடைசியில் கருணைக்கொலைதான்.

கரடி ஸ்பிரேயைக் கொசு மருந்து மாதிரி உடம்பில் அடித்துக்கொள்ளக் கூடாது. அது மிளகாய்க் காரம், பாயும் கரடியின் முகத்துக்கு நேரே அடிப்பது. விமானத்தில் பெட்டியில்கூட வைக்க முடியாது, அங்கே போய் வாங்குங்கள். ஜூலையிலும் கம்பளி வேண்டும். செல்போன் சிக்னல் பெரும்பாலும் கிடைக்காது, வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

பைசன் மந்தை சாலையில் இறங்கினால் ஹாரன் அடிக்காமல், கண்ணாடியை ஏற்றிவிட்டு, இன்ஜினை நிறுத்திக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஹேடனில் நாங்கள் முக்கால் மணி நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோம். அதனால் கழிப்பறை கண்ணில் பட்ட இடத்தில் போய்வந்துவிடுங்கள். அடுத்தது பக்கத்தில்தானே என்று தள்ளிப்போட்ட அப்பா அன்று பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது.