இரண்டு ஊர்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம்? நீங்களே கணக்குப் போடலாம்

முதலில் தூரம். சாலை வழி கிலோமீட்டர் இதற்கு உதவாது. உருண்டையான பூமியின் மேல் இரண்டு இடங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய வழிதான் வேண்டும். கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, புறப்படும் விமான நிலையத்தின் மேல் வலது கிளிக் செய்தால் தூரம் அளக்கும் வசதி வரும், அதைத் தேர்ந்தெடுத்து இறங்கும் விமான நிலையத்தைக் கிளிக் செய்தால் போதும். ஊர் பெயரை வைத்து அளக்காதீர்கள். டோக்கியோவின் நரிட்டா விமான நிலையம் நகர மையத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி இருக்கிறது. கோடு வில் மாதிரி வளைந்து தெரிந்தால் பயப்பட வேண்டாம், வரைபடம் தட்டையாக இருப்பதால் வரும் தோற்றம் அது. உலக உருண்டையில் டோக்கியோவுக்கும் நியூயார்க்குக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், நூல் அலாஸ்கா மேலே ஏறிப் போகும். எங்காவது தூரத்தை நாட்டிகல் மைலில் கொடுத்திருந்தால் 1.852 ஆல் பெருக்குங்கள், கிலோமீட்டர் வந்துவிடும்.

அப்புறம் நேரம். தூரத்தை 850 ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்கள். ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 850 முதல் 900 கி.மீ. வரை போகும், அந்த அரை மணி, ஓடுபாதை வரை ஊர்ந்து போவதற்கும் ஏறி இறங்குவதற்கும். லண்டன் – நியூயார்க் சுமார் 5,550 கி.மீ., வகுத்தால் ஆறரை, கூட்டினால் ஏழு மணி.

ஆனால் அட்டவணையைப் பார்த்தால் லண்டனிலிருந்து போக ஏறக்குறைய எட்டு மணி, திரும்பி வர ஏழு மணி என்று இருக்கும். காரணம் காற்று. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம், கிழக்கே போகிறவரைத் தள்ளிவிடும், மேற்கே போகிறவரை இழுத்துப் பிடிக்கும், குளிர்காலத்தில் இன்னும் வலுவாக. 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது இந்தக் காற்றின் புண்ணியத்தில்தான். ஆகவே நீண்ட மேற்குப் பயணம் என்றால் வந்த விடையோடு ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள். வடக்கு தெற்காகப் போனால் இந்த வித்தியாசம் அவ்வளவாக இருக்காது.

வான்வெளி மூடியிருந்தால் கணக்கு அடியோடு மாறும். 2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்ட பிறகு, ஒன்பதரை மணி போல இருந்த ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் பதின்மூன்று மணியாக நீண்டது.

டிக்கெட்டில் உள்ள நேரங்களை நேரடியாகக் கழிப்பதுதான் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். இரண்டும் அந்தந்த ஊர் நேரம், அதனால் இரண்டையும் யுடிசிக்கு (உலகம் முழுக்கப் பொதுவான அடிப்படை நேரம்) மாற்றிவிட்டுக் கழியுங்கள். கோடையில் டோக்கியோவில் மாலை 5 மணிக்குப் புறப்பட்டு அதே நாள் காலை 11 மணிக்கு லாஸ் ஏஞ்சலஸில் இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டோக்கியோ யுடிசியை விட 9 மணி முன்னால், ஆக புறப்பாடு காலை 8. லாஸ் ஏஞ்சலஸ் கோடையில் 7 மணி பின்னால், ஆக இறங்குவது மாலை 6. சரி, பத்து மணி நேரப் பயணம். குளிர்காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் 8 மணி பின்னால் போய்விடும், தேதியைப் பார்த்து மாற்றுங்கள்.

நடுவில் விமானம் மாறினால் ஒவ்வொரு பகுதிக்கும் தனியாகக் கணக்குப் போட்டு, காத்திருக்கும் நேரத்தைச் சேருங்கள். ‘டைரக்ட்’ என்று போட்டிருந்தாலும் ஒரே விமான எண்ணோடு நடுவில் ஒரு ஊரில் இறங்கி ஏறலாம். எங்கும் நிற்காமல் போக வேண்டுமானால் ‘நான்ஸ்டாப்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.