டாலரைப் பெருக்கிப் பார்க்காதீர்கள்: கேம் கடைகளின் பிராந்திய விலையில் சறுக்கும் இடங்கள்

கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில் ஒரு கேமை விற்பனைக்கு வைக்கும் வெளியீட்டாளர் முன்னால் நீண்ட அட்டவணை ஒன்று திறக்கும். ஒரு வரிக்கு ஒரு நாணயம். டாலர் கட்டத்தில் 19.99 என்று அடித்ததும் ரூபாய், யென், யூரோ, திர்ஹம் என மற்ற எல்லாக் கட்டங்களுக்கும் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் ஒரு பரிந்துரை விலையைக் காட்டும். அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம், அழித்துவிட்டு வேறு எண்ணும் போடலாம். பிராந்திய விலை என்பது இப்படி யாரோ ஒருவர் கட்டத்தில் போட்டுவிட்டுப் போன எண்தான். வாங்குபவர்கள் சறுக்கும் இடங்களில் பாதிக்கு மேல், இதை வங்கியின் மாற்று விகிதம் என்று நினைப்பதால் வருவது.

2015 நவம்பரில் ஸ்டீம் இந்தியாவுக்கு ரூபாய் விலையைக் கொண்டுவந்தபோது ஒரு டாலர் 66 ரூபாயை ஒட்டி இருந்தது. டாலர் எவ்வளவு ஏறினாலும் அன்று போட்ட ரூபாய் விலை தானாக நகராது. யாராவது அட்டவணையைத் திறந்து மாற்றினால்தான் மாறும். அதனால்தான் ஒரே டாலர் விலையுள்ள இரண்டு கேம்கள் இந்தியாவில் ஒன்று 800 ரூபாய்க்கும் மற்றொன்று 1,700 ரூபாய்க்கும் கிடக்கின்றன. இரண்டாவதைப் பார்த்துவிட்டு ஸ்டீம் கொள்ளையடிக்கிறது என்று பொங்குவது ஆள் தெரியாமல் சண்டை போடுவது மாதிரி. பரிந்துரைப்பது வால்வ், போடுவது வெளியீட்டாளர். 2022 அக்டோபரில் வால்வ் தன் பரிந்துரைகளை ஒட்டுமொத்தமாகத் திருத்தியது. வாங்கும் சக்தி, நுகர்வோர் விலைக் குறியீடு போன்றவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டதாகச் சொன்னது. அப்போதும் பழைய கேம்களின் விலையை அது தொடவில்லை. மாற்றியவர்கள் மாற்றினார்கள், மறந்தவர்கள் மறந்தார்கள்.

அமெரிக்க விலையோடு ஒப்பிடும்போது இன்னொரு பிசகும் நடக்கிறது. அமெரிக்கக் கடையில் தெரியும் விலையில் விற்பனை வரி சேராது, பில் போடும்போதுதான் ஏறும். நமக்குத் தெரியும் ரூபாய் விலையோ வரியும் அடங்கிய கடைசி விலை. ஒன்றை வரியோடும் மற்றொன்றை வரியில்லாமலும் வைத்துக்கொண்டு வாதாடுவதில் பயனில்லை.

தள்ளுபடி சதவீதத்தை நம்புவது

ஸ்டீமில் தள்ளுபடி சதவீதம் எல்லா நாடுகளுக்கும் ஒன்றுதான். 60 சதவீதம் என்றால் துருக்கியிலும் 60, தூத்துக்குடியிலும் 60. ஆனால் அடிப்படை விலை ஒவ்வொரு நாணயத்திலும் தனித்தனி. ஆகவே பச்சைப் பட்டையில் தெரியும் சதவீதத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஸ்டீம் விலைகளைப் பதிவு செய்துவரும் ஸ்டீம்டிபி தளத்தில் அந்தக் கேமின் பக்கத்தைத் திறந்தால் நாணயவாரியாக ஒரு விலைப் பட்டியல் இருக்கும். அதில் இந்திய ரூபாய் வரியை மட்டும் பாருங்கள். இன்றைய விலை, அமெரிக்க விலையைவிட எத்தனை சதவீதம் குறைவு அல்லது கூடுதல், இதுவரை வந்த மிகக் குறைந்த விலை ஆகிய மூன்றும் அங்கேயே கிடைக்கும். பலரும் பட்டியலின் உச்சியில் எந்த நாடு மலிவு என்று பார்த்து ஏங்கிவிட்டு மூடிவிடுகிறார்கள். உங்கள் பணப்பைக்குச் சம்பந்தமுள்ளது உங்கள் வரி ஒன்றுதான்.

அதே பக்கத்தின் விலை வரைபடத்தில் அடிப்படை விலை அண்மையில் மேலே குதித்திருந்தால் ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். ஏதாவது ஒரு நாணயத்தில் விலையை ஏற்றினாலும் அடுத்த 30 நாள்களுக்கு அந்தக் கேமுக்குத் தள்ளுபடி கொடுக்க முடியாது என்பது ஸ்டீமின் விதி. அந்த மாதத்துக்குள் காத்திருந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

விபிஎன் போட்டு நாடு மாறுவது

இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். துருக்கி லிராவும் அர்ஜென்டினா பெசோவும் வேகமாகச் சரிந்துகொண்டிருந்த ஆண்டுகளில், அந்த நாடுகளின் ஸ்டீம் கடையில் சில கேம்கள் கிட்டத்தட்ட சும்மா கிடைத்தன. போட்ட எண் அப்படியே நிற்க, நாணயம் மட்டும் கீழே போனதன் விளைவு அது. உலகெங்கிலும் இருந்து ஆட்கள், இருக்கும் நாட்டை மறைத்துக் காட்டும் விபிஎன் வழியாகவும் கிஃப்ட் கார்டு வழியாகவும் அங்கே நுழைந்தார்கள். வெளியீட்டாளர்கள் பதிலுக்கு விலையை ஏற்ற, அடி விழுந்தது இஸ்தான்புல்லிலும் புவெனஸ் அயர்ஸிலும் உண்மையாகக் குடியிருந்தவர்களுக்கு. கடைசியில் 2023 நவம்பர் 20 அன்று வால்வ் இரண்டு நாணயங்களையும் எடுத்துவிட்டு, இரு நாடுகளையும் டாலரில் விலை போடும் புதிய பிராந்தியங்களுக்குள் கொண்டுவந்தது. புதிய கட்டத்தில் விலை போடாமல் விட்ட வெளியீட்டாளர்களின் கேம்கள் நேரே அமெரிக்க விலைக்குத் தாவின. அங்கே கிளம்பிய கோபத்தில் நியாயம் இருந்தது. குறுக்குவழியில் போனவர்கள் அடுத்த நாட்டைத் தேடிப் போய்விட்டார்கள்.

இன்று இதை முயல்பவருக்கு என்ன நடக்கும்? ஸ்டீமில் கடை நாட்டை மாற்ற, அந்த நாட்டில் வழங்கப்பட்ட கார்டிலோ வேறு உள்ளூர்க் கட்டண முறையிலோ ஒரு கொள்முதலை முடிக்க வேண்டும். மாற்றியபின் மூன்று மாதம் மறுபடி மாற்ற முடியாது. வசிப்பிடத்தை மறைத்து வேறு நாட்டு விலைக்கு வாங்கக்கூடாது என்று பயனர் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. மீறினால் கணக்கு முடங்கலாம். 200 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் பத்து வருட லைப்ரரியைப் பணயம் வைப்பது என்ன கணக்கோ!

பிளேஸ்டேஷனில் நிலைமை இன்னும் இறுக்கம். கணக்கு திறக்கும்போது கொடுத்த நாட்டைப் பிறகு மாற்றவே முடியாது, அந்த நாட்டு கிஃப்ட் கார்டுதான் அந்தக் கணக்கில் ஏறும். நின்டெண்டோவில் நாட்டை மாற்றுவது எளிது. ஆனால் யென் சரிந்ததால் ஜப்பான் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு 2025 மார்ச் 25 அன்று கதவு மூடியது. வெளிநாட்டில் வழங்கப்பட்ட கிரெடிட் கார்டுகளும் பேபாலும் அந்தக் கடையில் அன்றோடு நின்றன.

உண்மையாகவே நாடு மாறுகிறவர்கள் வேறு கதை. சென்னையிலிருந்து துபாய்க்கு வேலைக்குப் போகிறவர் அங்கே போய் உள்ளூர் கார்டில் முதல் கொள்முதலைச் செய்ததும் கடை திர்ஹமுக்கு மாறும், ஸ்டீம் வாலட்டில் மீதமிருக்கும் ரூபாயும் அப்போதே மாறிவிடும். வாங்கிய கேம்கள் கூடவே வரும். நிச்சயம் வாங்கப்போகும் கேம் ஏதாவது இருந்தால் விமானம் ஏறும் முன்பே ரூபாயில் வாங்கிவிடுவது நல்லது.

இலங்கை வாசகர்கள் கவனிக்க வேண்டியது

ஸ்டீமில் இலங்கை ரூபாய் கிடையாது. நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளோடு சேர்ந்து தெற்காசியா என்ற டாலர் பிராந்தியத்துக்குள் இலங்கை வருகிறது. வெளியீட்டாளர் அந்தக் கட்டத்தை நிரப்பியிருந்தால் விலை குறையும். வெறுமனே விட்டிருந்தால் கொழும்பில் இருப்பவர் நியூயார்க் விலையைத்தான் கொடுக்க வேண்டும். ஒரு கேம் தள்ளுபடியிலும் எட்டாத விலையில் நிற்கிறதென்றால் முதல் சந்தேகம் இந்த வெற்றுக் கட்டத்தின் மேல் விழட்டும்.

கேமின் கடைப் பக்கத்தில் வேறு நிறுவனத்தின் கணக்கு கட்டாயம் என்ற வரி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் சேவை உள்ள நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 கேமின் பிசி பயனர்களும் அந்தக் கணக்கை இணைத்தாக வேண்டும் என்று சோனி அறிவித்தபோது, சேவையே இல்லாத நாடுகளிலும் கேம் விற்கப்பட்டிருந்தது. சில நாள்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன, சோனி பின்வாங்கியது.

பரிசும் குடும்பமும்

மலிவு நாட்டிலிருந்து விலை கூடிய நாட்டுக்குக் கேமைப் பரிசாக அனுப்ப முயன்றால் ஸ்டீம் தடுக்கும். இரு நாட்டு விலைக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் போகாது. மதுரையில் இருக்கும் அண்ணன் சிங்கப்பூர்த் தம்பிக்குப் பிறந்தநாள் பரிசு அனுப்பும்போது அன்றைக்குத்தான் இது தெரியவரும். டிஜிட்டல் கிஃப்ட் கார்டு அனுப்பினால் சிக்கல் இல்லை. ஆனால் ஸ்டீமில் இருவரும் குறைந்தது மூன்று நாள்களாவது நண்பர்களாக இருந்திருக்க வேண்டும்.

வாங்கிய கேம்களைக் குடும்பத்துக்குள் பகிரும் ஸ்டீம் ஃபேமிலியில் எல்லோரும் ஒரே நாட்டுக் கணக்காக இருக்க வேண்டும். யாராவது வெளியேறினால் அவர் இடத்தில் புதியவரைச் சேர்க்க ஒரு வருடம் வரை காத்திருக்க நேரிடலாம். தெரியாதவரோடு செலவைப் பங்கு போட்டுச் சேர்கிறவர்கள் இதைப் படிக்காமல் சேர்ந்துவிட்டுப் பின்னால் விழிக்கிறார்கள்.

கீ, டிஸ்க்

வெளிச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கீ, அதாவது ஸ்டீமில் உள்ளிட்டுக் கேமைப் பெறும் குறியீடு, பெரும்பாலும் ஏதோ ஒரு பிராந்தியத்துக்குப் பூட்டப்பட்டதாக இருக்கும். விற்பவர் அதைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார். உள்ளிட்டதும் இந்த நாட்டில் கிடைக்காது என்ற செய்தி வந்தால் பதற வேண்டாம், கீ இன்னும் பயன்படுத்தப்படவில்லை என்றுதான் அர்த்தம். விற்றவரிடம் மாற்றிக் கேட்கலாம். ஸ்டீமிடம் போய் நிற்க முடியாது, வெளியே வாங்கியதற்கு அது ரீஃபண்ட் தருவதில்லை.

டிஸ்க் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டியிலோ கிடைக்கும் பிளேஸ்டேஷன் 4, 5 டிஸ்க் எந்த நாட்டுப் பதிப்பானாலும் கேம் ஓடும். அதற்கான டிஎல்சி, அதாவது தனியாக வாங்கும் கூடுதல் உள்ளடக்கம், ஓடுவதுதான் சந்தேகம். டிஸ்கின் பிராந்தியமும் கணக்கின் பிராந்தியமும் ஒத்துப்போகாவிட்டால், காசு கொடுத்து வாங்கிய டிஎல்சியை கேம் கண்டுகொள்ளாது. டிஎல்சி வாங்கும் எண்ணம் இருந்தால் உள்ளூர்ப் பதிப்பையே வாங்குங்கள்.

டாலரில் வசூலிக்கும் கடை

இங்கே மனக்கணக்கு கைவிடும். 19.99 டாலர் கேம், டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,799 ரூபாய் என்று நினைப்பீர்கள். கடை 18 சதவீத ஜிஎஸ்டியைத் தனியாகச் சேர்த்தால் 2,123. வெளிநாட்டு நாணயச் செலவுக்குக் கார்டு வங்கி வசூலிக்கும் ஃபோரெக்ஸ் மார்க்கப் 3.5 சதவீதம் என்றால் இன்னொரு 74, அந்த மார்க்கப்பின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 13. மொத்தம் ஏறக்குறைய 2,210 ரூபாய். யுபிஐ எடுத்துக்கொள்ளும் ரூபாய்க் கடையில் அதே கேம் 1,900 என்றால் அதுதான் மலிவு.

வாங்கிய மறுநாள் விலை இறங்கினால்

ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ரீஃபண்ட் கிடைக்கும். இது பலருக்கும் தெரியும். தள்ளுபடிக்குச் சற்று முன் வாங்கியதைத் திருப்பிவிட்டுக் குறைந்த விலைக்கு மறுபடி வாங்குவதை ஸ்டீம் முறைகேடாகக் கருதுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. அவர்கள் கொள்கையிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். உரிமையை விட்டுவிட்டுப் புலம்பாதீர்கள்.

கோபத்தை எங்கே காட்டுவது

விலைக்காக எதிர்மறை விமர்சனம் எழுதுவது தவறில்லை. எழுதும் விதத்தில்தான் வீணாகிறது. வெளியில் வாங்கிய கீ மூலம் கேமைச் சேர்த்தவரின் விமர்சனம் மதிப்பெண்ணில் சேராது. கேமுக்குச் சம்பந்தமில்லாத விமர்சனக் குவியல் என்று வால்வ் கருதினால் அந்தக் காலகட்டத்தையே கணக்கிலிருந்து நீக்கிவிடும். 2019 முதல் இந்த நடைமுறை இருக்கிறது. 2025 ஆகஸ்டிலிருந்து மதிப்பெண்ணை மொழிவாரியாகவும் காட்டுகிறார்கள். துருக்கியரும் சீனரும் தம் மொழியில் திட்டினால் அது தனி எண்ணாகத் தெரியும். நாம் எழுதுவது ஆங்கிலக் கடலில் கரைந்துவிடும்.

எனவே ஒரு வரி எழுதினாலும் எண்ணோடு எழுதுங்கள்: டாலர் விலை இவ்வளவு, அதற்கு வால்வ் பரிந்துரைக்கும் ரூபாய் விலை இவ்வளவு, நீங்கள் போட்டிருப்பது இவ்வளவு. அதையே வெளியீட்டாளரின் ஆதரவு முகவரிக்கும் அனுப்புங்கள். சிறிய ஸ்டுடியோக்கள் பலவற்றுக்குத் தங்கள் ரூபாய்க் கட்டத்தில் என்ன இருக்கிறது என்பதே நினைவிருக்காது.

சிறிய ஸ்டுடியோ நடத்துகிறவர் இதைப் படித்தால் அவருக்கும் ஒன்று. பரிந்துரை விலையை ஏற்றுக்கொண்டு மூடிவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது அட்டவணையைத் திறந்து ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள். தெற்காசியா, லத்தீன் அமெரிக்கா, மத்திய கிழக்கு என்ற டாலர் பிராந்தியங்கள்தான் பெரும்பாலும் விடுபடுகின்றன. தள்ளுபடி நடந்துகொண்டிருக்கும்போதும், அடுத்தது தேதி குறித்துக் காத்திருக்கும்போதும் விலையை மாற்ற முடியாது. டிசம்பர் குளிர்காலத் தள்ளுபடியில் பங்கேற்கும் எண்ணம் இருந்து எங்காவது விலையை ஏற்றவும் வேண்டியிருந்தால், நவம்பர் தொடக்கத்திலேயே அதை முடித்துவிடுங்கள்.