தீவாந்தரம் போன பெண்ணைத் தேடுவது எப்படி

எங்கள் தேவிபட்டினத்துப் பக்கம் யாராவது ரொம்ப நாள் கழித்துக் கண்ணில் பட்டால், "என்னடி, தீவாந்தரம் போயிட்டியா?" என்று அப்பத்தா கேட்பார். தீவாந்தரம் என்றால் குற்றவாளிகளைக் கடல் கடந்த தீவுக்கு அனுப்பும் தண்டனை. அதே அப்பத்தா, தன் பாட்டியின் அக்காவைப் பற்றிப் பேசும்போது மட்டும் அந்தச் சொல்லைக் குரல் தாழ்த்திச் சொல்வார். ஒரு கொலை, கச்சேரி (அந்தக் காலக் கோர்ட்டு), மதுரை ஜெயில், அப்புறம் கப்பல். அவ்வளவுதான். பெயரைச் சொன்னதே இல்லை.

நீதிமன்ற நகல் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஆறு வருடமாக அந்த அக்காவைத் தேடுகிறேன். இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் வழி தெரிந்துவிட்டது. இப்படி ஒரு கதை உங்கள் வீட்டிலும் இருந்தால், இது உங்களுக்குத்தான்.

வீட்டிலிருந்து தொடங்குங்கள். வயதான பெண்களிடம் "என்ன குற்றம்?" என்று எடுத்தவுடன் கேட்காதீர்கள், வாய் மூடிவிடும். "தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னயா, பின்னயா?" என்று கேளுங்கள். 1876-78 பஞ்சம் நம் வீடுகளில் இன்னும் ஒரு மைல்கல். போனவள் உண்மையிலேயே கைதிதானா என்பதையும் பாருங்கள். இந்தக் கரையிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போன பெண்கள் ஏராளம். கதையில் கங்காணியும் (தோட்டத்துக்கு ஆள் பிடிப்பவர்) முன்பணமும் வந்தால் அது வேறு தேடல். விலங்கும் கச்சேரியும் வந்தால் மேலே படியுங்கள்.

வருடம் தோராயமாகத் தெரிந்தாலே எந்தத் தீவு என்று ஊகிக்கலாம். ஆரம்பத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணக் கைதிகளைப் பினாங்குக்கும் சுமத்ராவின் பெங்கூலனுக்கும் அனுப்பியது. பெங்கூலனில் இருந்த சென்னைக் கைதிகள் 80 பேர் 1825 ஏப்ரலில் சிங்கப்பூர் வந்தார்கள். 1858 மார்ச்சில் அந்தமானில் போர்ட் பிளேர் குடியேற்றம் தொடங்கியது, பிறகு படிப்படியாக எல்லாம் அங்கேதான். சிங்கப்பூர் சிறையில் மிச்சமிருந்தவர்களையும் 1873இல் அங்கேயே மாற்றினார்கள்.

அடுத்தது, நான் ஒரு வருடத்தைத் தொலைத்த இடம். ராமநாதபுரம் மாவட்டம் என்று தேடிக்கொண்டே இருந்தேன். நம் மாவட்டம் 1910இல்தான் உருவானது. அதற்கு முன் நம் சேதுபதி சீமை (ராமநாதபுரம் ஜமீன்) வழக்குகள் எல்லாம் மதுரை மாவட்டத்துக்குள் இருக்கும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஜுடிஷியல் துறைத் தொகுதிகளைக் கேளுங்கள். முதலில் அட்டவணை, பிறகுதான் தொகுதி. அட்டவணையில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. கருப்பாயி ஆங்கில 'கே'யிலும் இருக்கலாம், 'சி'யிலும் இருக்கலாம். கடைசி 'ஆயி' காணாமல் போயிருக்கலாம். கணவன் பெயரிலும் தேடுங்கள். ஊர்ப் பெயரிலும் தேடுங்கள்.

வாக்குமூலம் கையில் கிடைத்துவிட்டால், அன்றைக்கு வேறு எந்தத் தாளையும் எடுக்காதீர்கள். அந்தப் பெண்ணுக்கு மிக அருகில் நீங்கள் போகக்கூடிய இடம் அதுதான். ஆனால் அது அவள் பேச்சு அல்ல. தமிழில் சொன்னாள், ஒருவர் எழுதினார், இன்னொருவர் ஆங்கிலமாக்கினார். "வயிறு எரிஞ்சது" என்று அவள் சொல்லியிருந்தால், தாளில் "கோபமடைந்தேன்" என்று நிற்கும். நான் செய்வது இது: நோட்டின் ஒரு பக்கத்தில் தாளில் உள்ளதை மையில் எழுதுவேன். எதிர்ப் பக்கத்தில், நம் கரைப் பெண் அதை எப்படிச் சொல்லியிருப்பாள் என்று பென்சிலில். பென்சில் முக்கியம். அது என் ஊகம், சாட்சியம் அல்ல.

இன்னொன்று, வாக்குமூலம் மூச்சு விடாமல் சொன்ன கதை போல இருக்கும். அது கதை அல்ல, கேள்விகளுக்கான பதில். கேள்வியை எழுதாமல் விட்டிருப்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் என்ன கேட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். "அன்று இரவு நான் கதவைத் தாழிடவில்லை" என்று யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். "எனக்குத் தெரியாது" எங்கெங்கே வருகிறது என்று குறியுங்கள். அவள் யாரைக் காப்பாற்ற நினைத்தாள் என்பது சில சமயம் அங்கேதான் தெரியும்.

சாட்சிகளையும் விடாதீர்கள். கிராம முன்சீப், தலையாரி, மாமியார், பக்கத்து வீட்டுக்காரி. கிணறு எந்தப் பக்கம், அவள் உப்பளத்துக்குப் போனாளா, கருவாடு காயப்போட்டாளா என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்துதான் வரும்.

தண்டனைக்குப் பிறகு அங்க அடையாளப் பட்டியல் கிடைத்தால் நிதானமாகப் படியுங்கள். வயது, உயரம், தழும்பு, பச்சை குத்து. தண்டட்டி என்ற கனமான காதணி போட்டு வளர்த்த காதை வெள்ளைக்கார அதிகாரி எப்படி எழுதியிருப்பார் என்று யோசித்துப் படிக்க வேண்டும்.

அந்தமான் போகிறவர்கள் செல்லுலார் சிறையில் நின்று பெண்களைத் தேடுகிறார்கள். அது 1906இல்தான் கட்டி முடிக்கப்பட்டது, ஆண்களுக்கானது. பெண் கைதிகளின் சிறை போர்ட் பிளேரின் சவுத் பாயின்டில் இருந்தது. சில வருடம் ஒழுங்காக இருந்தவர்கள், அங்கேயே சொந்தக் காலில் வாழ அனுமதி பெற்ற ஆண் கைதியை மணக்கலாம். மணந்துவிட்டால் கணவன் பக்கக் காகிதங்களிலும் தேட வேண்டும். அவன் சாதியும் மொழியும் வேறாக இருக்கலாம். அவர்கள் பிள்ளைகளின் வழித்தோன்றல்கள்தான் இன்று அங்கே 'லோக்கல் பார்ன்' எனப்படுபவர்கள்.

போர்ட் பிளேரில் இருந்த ஆவணங்கள் பல 1942-45 ஜப்பானிய ஆக்கிரமிப்பில் அழிந்தன. ஆகவே டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்துறையின் போர்ட் பிளேர் கிளைக் கோப்புகளைப் பாருங்கள். அதன் 'அபிலேக் படல்' தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். சிங்கப்பூர் என்றால் அந்நாட்டுத் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் வைத்திருக்கிறது.

1802இல் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு அனுப்பப்பட்ட சின்ன மருதுவின் மகன் துரைசாமியை நமக்குத் தெரியும். 1818இல் அங்கே அவரைப் பார்த்த ஆங்கிலேய ராணுவ அதிகாரி கர்னல் வெல்ஷ் எழுதிவைத்ததால் தெரியும். எங்கள் அப்பத்தாவுடைய பாட்டியின் அக்காவைப் பார்த்து எழுதிவைக்க எந்தக் கர்னலும் போகவில்லை. அது எனக்கு ஆறவே இல்லை.

கண்டுபிடித்தால் உடனே ஊரெல்லாம் சொல்லாதீர்கள். செத்தவரின் குடும்பமும் அதே தெருவில் இருக்கலாம். முதலில் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். எந்தப் பெயரை வெளியே சொல்லலாம் என்று அவர்களிடம் கேளுங்கள்.

நான் அடுத்த மாதம் மறுபடி எழும்பூர் போகிறேன். 1877ஆம் வருடத் தொகுதிகளில் பாதி பார்த்தாயிற்று, பாதி பாக்கி.