பிளாட் பேட்டர்ன் விரிந்துவிட்டது, ஆனால் அளவு தப்புகிறதா?

கேட் சாஃப்ட்வேரில் வரைந்த ஷீட் மெட்டல் பார்ட், வெட்டுவதற்கான தட்டை வடிவமாக (அதுதான் பிளாட் பேட்டர்ன்) விரியாமல் எரர் காட்டினால் எரிச்சல்தான், ஆனாலும் நஷ்டம் இல்லை. அழகாக விரிந்து, லேசரில் வெட்டி, பிரஸ் பிரேக்கில் (தகடு வளைக்கும் மெஷின்) வளைத்து முடித்த பிறகு பெட்டி முக்கால் மில்லிமீட்டர் கூடுதலாக நிற்கிறதே, அங்கேதான் தகடும் காசும் போகிறது.

இதற்குப் பெரும்பாலும் காரணம் கே ஃபேக்டர், அதாவது வளைவில் நீளம் மாறாத கோடு உள்பக்கத்திலிருந்து தடிமனில் எத்தனை பங்கு தள்ளி ஓடுகிறது என்று சொல்லும் எண். சாஃப்ட்வேர் கொடுக்கும் 0.5-ஐ அப்படியே விட்டுவிடுகிறோம். அதற்கு, தகட்டின் சரி நடுவில்தான் நீளம் மாறாத கோடு ஓடுகிறது என்று பொருள். நிஜத்தில் வளைக்கும்போது அந்தக் கோடு உள்பக்கம் நகர்ந்துவிடும். இன்னொன்று வளைவின் உள் ஆரம். மாடலில் ஆசைக்கு 1 என்று போட்டால் மெஷின் கேட்காது, ஏர் பெண்டிங்கில் (தகட்டை டையின் அடிவரை அழுத்தாமல் வளைக்கும் முறை) ஆரத்தைத் தீர்மானிப்பது வி டையின், அதாவது தகட்டைத் தாங்கும் வி வடிவ அச்சின், வாய் அகலம். மைல்ட் ஸ்டீலில் அந்த அகலத்தில் சுமார் 16 சதவீதம், அதாவது 2 மிமீ தகட்டை 16 மிமீ டையில் வளைத்தால் கிட்டத்தட்ட 2.5 மிமீ ஆரம் வரும்.

டேபிளைத் தேடி அலையாதீர்கள், உங்கள் தகட்டிலேயே 100 மிமீ துண்டு ஒன்றை வெட்டி, நடுவில் 90 டிகிரி வளைத்து, இரண்டு பக்கத்தின் வெளி அளவையும் வெர்னியரில் எடுத்துக் கூட்டுங்கள். 103.7 வந்தால் பெண்ட் டிடக்‌ஷன், அதாவது வெளி அளவுகளின் கூட்டலிலிருந்து ஒரு மடிப்புக்குக் கழிக்க வேண்டிய நீளம், 3.7. தகடு 2 மிமீ, ஆரம் 2.5 என்றால் கே 0.44 ஆகிறது. 0.5-க்கும் இதற்கும் ஒரு மடிப்புக்கு 0.19 மிமீ வித்தியாசம், நான்கு மடிப்புக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தகடோ டையோ மாறினால் மறுபடியும் ஒரு துண்டு வளைக்கத்தான் வேண்டும், சோம்பல் படக்கூடாது.

சரி, விரியவே மறுக்கும் பார்ட்டுக்கு வருவோம். வெளியிலிருந்து வந்த ஸ்டெப் ஃபைல் (வேறு சாஃப்ட்வேரிலிருந்து வரும் 3டி மாடல்) என்றால் முதலில் தடிமனை அளந்து பாருங்கள், ஒரு சுவர் 2, இன்னொன்று 1.98 என்று இருந்தாலே தகராறுதான். மூலைகள் நாலும் ஒட்டியிருந்தால் ரிப் கொடுத்து, அதாவது மூலையில் கீறல் விட்டு, பிரிக்காமல் எந்தப் பெட்டியும் விரியாது. எது என்று பிடிபடவில்லையா? ஃபீச்சர்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாக சப்ரஸ் செய்துகொண்டே (தற்காலிகமாக அணைத்துக்கொண்டே) போங்கள், எதை நீக்கியதும் விரிகிறதோ அதுதான் குற்றவாளி. அகலம் முழுக்க ஓடாத ஃபிளேஞ்சுக்கு (மடித்த விளிம்பு) அதன் ஓரத்தில் ரிலீஃப் என்ற சிறு வெட்டு வைக்காமல் விட்டால் திரையில் விரிந்தாலும் பிரஸ்ஸில் கிழியும்.

அப்புறம் டிஎக்ஸ்எஃப், அதாவது லேசருக்கு அனுப்பும் 2டி வரைபட ஃபைல். அனுப்பும் முன் அதைத் திறந்து ஒரு நீளத்தையாவது அளந்து பாருங்கள், இஞ்ச் மில்லிமீட்டர் குழப்பம் அங்கேயே தெரிந்துவிடும். மடிப்புக் கோடுகளைத் தனி லேயரில் வையுங்கள், இல்லை எடுத்தே விடுங்கள். நான் ஒருமுறை மறந்துபோய் அப்படியே அனுப்பினேன். லேசர்காரர் அவற்றையும் சேர்த்து வெட்டி, ஒரு பிராக்கெட்டை ஐந்து பட்டைகளாகக் கட்டிக் கொடுத்தார்.